பதினோரு லெட்ஜர்கள்

நேற்று என் மகள் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பெயரைக் கேட்டால் எடுத்துத் தர வேண்டிய தரவுத்தளம், எது எங்கே என்று காட்டும் இண்டெக்ஸ் இருந்தும் அதைத் தொடாமல், முதல் வரியிலிருந்து தேடிக்கொண்டிருந்ததாம். "இதுல கொஞ்சம் வரிதான் இருக்குன்னு அது இன்னும் நினைச்சிட்டிருக்குப்பா. கூடிப்போனத யாரும் அதுகிட்ட சொல்லல," என்றாள். மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லி ஏதோ தட்டினாள்; பெயர் உடனே வந்தது. அவள் டீ குடிக்கப் போய்விட்டாள். எனக்கு உன் நினைவு வந்தது.

எழுபதுகளில் நாம் இருவரும் தோணித்துறை அலுவலகத்தில் குமாஸ்தாக்கள். தோணியில் வேலைக்குப் போகும் ஆட்களின் பதிவு நம் பொறுப்பு. நீ சில வருஷம் சரக்குக் கிட்டங்கிக்கு மாற்றலாகிப் போய்த் திரும்பி வந்தாய். அதற்குள் நான் ஒவ்வொரு பெயருக்கும் எந்த லெட்ஜர், எந்தப் பக்கம் என்று அட்டை எழுதி, பெயர் வரிசையில் ஒரு பெட்டி நிறைய அடுக்கியிருந்தேன். நீ பார்த்துச் சிரித்தாய்.

"ரெண்டு லெட்ஜருக்கு இம்புட்டு அட்டையா, லே?"

நீ போனபோது இரண்டுதான். இப்போது உள்ளறையில் பதினொன்று இருப்பதை நான் சொல்லவில்லை. நீ சிரித்தது சுட்டுவிட்டது.

மறு வாரம் ஒரு பெண் வந்தாள். அவள் புருஷன் கொழும்பில் காய்ச்சலோடு இறங்கி, அடையாளப் புத்தகத்தையும் தொலைத்துவிட்டு, எந்தத் தோணியிலும் ஏற முடியாமல் கிடந்தான். பதிவுப் பக்கத்தின் நகலை அன்றைய தோணியில் அனுப்பினால் அதிலேயே திரும்பிவிடுவான். "மாமிக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. மவனத்தான் கேக்காவ," என்றாள். காற்று திரும்பியதும் தோணி கிளம்பிவிடும்.

நீ அட்டைப் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. முதல் லெட்ஜரை எடுத்து விரல் வைத்துப் பெயர் பெயராக இறங்கினாய். பிறகு இரண்டாவது. மூன்றாவதை உள்ளறையிலிருந்து கொண்டுவந்து வைத்தது நான்தான். இன்னும் ஒன்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புரட்டினாய். ஒவ்வொன்றையும் அதுதான் கடைசி என்று நினைத்தே திறந்தாய். நான் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அட்டையை எடு என்று நீயே கேட்க வேண்டும் என்ற வீம்பு.

ஏழாவதில் பெயர் கிடைத்தது. முத்திரை குத்திய நகலோடு அவள் ஓடினாள். தோணி பாய் விரித்துப் போயிருந்தது.

அடுத்த தோணியில் அவன் வந்தபோது, தாயை அடக்கம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

நீ என்னையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாய். "தம்பி, தப்பு எம்மேலதான். நான்தான் தேடத் தெரியாமத் தேடிட்டேன்," என்றாய். அவன், விடுங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு இருவருக்கும் காப்பி கொடுக்கச் சொன்னான். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காப்பியைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நீ அட்டைப் பெட்டியைத் தொடாமல் ஒரு பெயரும் தேடியதில்லை. என்னைக் கெட்டிக்காரன் என்று எல்லாரிடமும் சொன்னாய். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் வெட்கமாக இருந்தது.

உன் சாவு வீட்டில் உன் மனைவி என்னிடம், "அந்தத் தோணிக்காரன் அம்மாவ நெனச்சுக் கடைசிவரைக்கும் வருத்தப்பட்டாவ," என்றாள். அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.