சீனப் பள்ளிவாசலின் கூரை

12.01.1995, வியாழன். ஸ்காபரோ, கனடா.

ஃபக்டரியில் என்னோடு வேலை செய்யும் மா என்ற சீன முஸ்லிம், தன் ஊரான சியானின் பழைய பள்ளிவாசல் படம் போட்ட கலண்டர் தந்தான். குசினியில் அடுப்புக்கு மேலே மாட்டினேன். என்னோடு அப்பார்ட்மென்டில் இருக்கும் செல்வம் வேலையால் வந்ததும் கத்தினான்.

"ரஹீம், உந்த விகாரைப் படத்தை ஏன்டா கொழுவினனீ? கழட்டு!"

அடுக்குக் கூரையைக் கண்டால் யாழ்ப்பாணத்தானுக்கு புத்த விகாரையும் சிங்கள ஆமியும்தான் ஞாபகம் வரும். அது பள்ளிவாசல் என்றேன். அந்த மூன்றடுக்கு மண்டபம்தான் பாங்கு சொல்லும் மினாரா. சீனக் கோயில்களெல்லாம் தெற்கே பார்க்கும் அந்த ஊரில் இது மேற்கே மக்காவை நோக்கிப் பல நூறு வருடமாக நிற்கிறது.

செல்வம் கிட்டப் போய்ப் பார்த்தான். "கெட்டிக்காரர். ஊர்ச் சனத்தைப் போலயே கட்டியிருக்கினம். அதுதான் அவையை ஒருத்தரும் ஊரை விட்டுக் கலைக்கேல்லை."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு ரிவி பார்க்கப் போய்விட்டான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிவாசலின் கூரை வேறு மாதிரித்தான். ஆனால் தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்களெல்லாம் ஊரை விட்டுப் போங்கள் என்று துவக்கை நீட்டிக்கொண்டு வந்த தமிழ் இயக்கப் பொடியன்களிடம் வாப்பா கெஞ்சியது, செல்வம் பேசும் இதே தமிழில்தான்.