சீப்பு அம்மாவும் கஞ்சி அம்மாவும்

உன் சீப்பு என் மடியில் கிடக்கிறது. இரண்டு பல் போன அதே மரச்சீப்பு. மூக்கருகே கொண்டுபோனால் விளக்கெண்ணெய் வாசம் இன்னும் அடிக்கிறது. செத்தும் விடமாட்டேன் என்கிறாயே, நீயெல்லாம் ஒரு பெண்ணா என்று வாய்விட்டுத் திட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த எழுத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீதான் என்பது இப்போது ஞாபகம் வந்து இன்னும் கொஞ்சம் எரிகிறது.

சீப்பைக் கொண்டுவந்தவள் நம் பெண். 'நம்' என்று எழுதக் கை எவ்வளவு தயங்குகிறது பார். பதினாலு வருஷமாக 'என்' என்றே சொல்லிப் பழகியவள் நான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகுகிறாளே, பத்து நாள் லீவு வாங்கிக்கொண்டு காரவள்ளியிலிருந்து தனியாக மலையேறி வந்திருக்கிறாள். உச்சி வெயிலில் வந்தவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, சீப்பை எடுத்துத் தரையில் வைத்தாள். "சீப்பு அம்மா போயிட்டாங்கம்மா. எங்க வார்டுலதான். நாந்தான் கண்ணை மூடிவிட்டேன்" என்றாள். நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். கிண்டிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குக் களி முழுக்கக் கட்டி தட்டிப்போயிற்று.

நீ இந்த வீட்டுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை. மலைக்காய்ச்சலோடு டோலியில் கிடந்து வந்தாய். திருப்புலி நாட்டுக்காரர்கள் நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஐந்தாவது ஆள் ஒரு துணி மூட்டையை வைத்திருந்தார். அதற்குள் நாற்பது நாள் குழந்தையாக நம் பெண். எனக்குப் பிறந்தது மூன்று நாள் இருந்து போய்ச் சேர்ந்து எட்டு நாள் ஆகியிருந்தது. பலாமரத்துக்கு அந்தப் பக்கம் மண் இன்னும் காயவில்லை. மார்பு இரண்டும் கல்லாகி வலியில் நான் துடித்துக்கொண்டிருந்தேன். இந்த மிஷன் வீட்டுத் தலைவியான மிஸ்ஸியம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூட்டையைப் பிரித்து என் கையில் கொடுத்தார். அவள் வாய் பட்டதும் நான் கதறிவிட்டேன். நீ பக்கத்து அறையில் கொய்னா மருந்தின் கசப்பில் முனகிக்கொண்டிருந்தாய்.

மூன்று மாதம் காய்ச்சல் உனக்கு வந்து வந்து போனது. அந்த மூன்று மாதமும் அவள் எனக்கே எனக்கு. பிறகு நீ எழுந்துகொண்டாய். முற்றத்தில் வெயில் காய உட்கார்ந்து, அந்த முழங்கால் வரைக்கும் கிடந்த முடியை அவிழ்த்துவிட்டு, எண்ணெய் தடவிச் சீவினாய். என் மடியில் கிடந்தவள் பாலை விட்டுவிட்டு உன் சீப்பையே பார்த்தாள். அது போகும் பக்கமெல்லாம் அவள் கண்ணும் போயிற்று. அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒன்றா இரண்டா? உனக்குப் படிக்கத் தெரியும், அதனால் சாயங்கால ஜெபத்தில் வேதம் வாசிப்பவள் நீ. ஞானப்பாட்டில் உன் குரல்தான் மேலே ஏறும். நீ பின்னிய லேஸ் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. என் லேஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மிஸ்ஸியம்மா, "உனக்குச் சமையல் நன்றாய் வரும், மகளே" என்றார். அன்றிலிருந்து அடுப்பங்கரை எனக்கு. போதாததற்கு, ஒரே ஒரு வயது மூத்த என்னை நீ வாய் நிறைய அக்கா என்றாய். "அக்கா, நீங்க உக்காருங்க. நான் தண்ணி சேந்தறேன்" என்பாய். அப்படிப் பணிந்து பேசுகிறவளோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்!

மலைக்காரர்கள் நம் வீட்டுக்கு 'அம்மாமாரு ஊடு' என்று பேர் வைத்திருந்தார்கள். சரியான பேர். ஏழு பெண்கள், ஆறு பிள்ளைகள். எல்லாப் பிள்ளைகளும் எல்லாரையும் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஏன் வந்தாய் என்று யாரையும் யாரும் கேட்கக் கூடாது. கீழே இருந்து யாராவது ஏறி வந்தால், மிளகுத் தோட்டத்துக்காரர் பாறைமேல் நின்று, "ஆளு வாருதுங்கோ!" என்று குரல் கொடுப்பார். உடனே ஆளுக்கொரு பிள்ளையை, கைக்கு எட்டியதை, தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வந்தவன் பார்த்தால் எது யார் பிள்ளை என்று தெரியாது. தெரிந்தால்தானே ஒருத்தியைப் பார்த்துக் காறித் துப்புவான். ஆனால் பொய் சொல்லக் கூடாது. "தூக்கிக்கொள்ளுங்கள், வாய் திறக்காதிருங்கள்" என்பார் மிஸ்ஸியம்மா. வந்தவன் விடாமல் கேட்டால் அவரே பதில் சொல்வார்: "இங்கே இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஆண்டவருடைய பிள்ளைகள்."

பெரியவர்கள் சட்டம் போட்டாலும் பிள்ளைகள் ஏமாறுமா? நம்மவள் பேச ஆரம்பித்ததும் ஆளுக்கொரு பேர் வைத்துவிட்டாள். லேஸ் அம்மா, ஆடு அம்மா, இருமல் அம்மா. நான் கஞ்சி அம்மா. நீ சீப்பு அம்மா. தலையைச் சீவ வேறு யார் தொட்டாலும் வீட்டை இரண்டாக்குவாள். ஊட்டுவது நான், குளிப்பாட்டுவது நான், சீவுவது மட்டும் நீ. ஆனால் நாள் பூராவும் அவள் காத்திருந்தது அந்தச் சீப்புக்குத்தான்.

இனி உன்னிடம் ஒருநாளும் சொல்லாததைச் சொல்கிறேன்.

உன் அண்ணன் வந்த அன்றைக்குக் காலையில் நான் சாமை குத்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு மூன்று முடிந்து நாலு நடந்தது. நீ சீவி முடித்ததும் ஒரு துண்டு வெல்லத்தைக் காட்டி அவளை உன்னிடமிருந்து என் பக்கம் இழுத்து வைத்திருந்தேன். அது என் தினசரி வேலை. பாறையிலிருந்து குரல் வந்தது: "ஆளு வாருதுங்கோ! ரெண்டு ஆளுங்கோ!" நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். நீ இருமல் அம்மாவின் மகனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாய்.

உன் அண்ணனும் ஒரு பங்காளியும். உனக்குப் பிள்ளை பிறந்தது என்று சேந்தமங்கலத்தில் யாரோ பற்றவைத்துவிட்டார்கள். அது நிஜமா என்று பார்க்கத்தான் ஏறி வந்திருந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றுவிட்டார். நிற்காமல் என்ன செய்வார்? அவர் மூக்கை அப்படியே பெயர்த்து இவள் முகத்தில் வைத்தது போல அல்லவா இருந்தது! "இது யாரு புள்ள?" என்றார்.

மிஸ்ஸியம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எம்புள்ளைங்க. நாம்பெத்த புள்ளைங்க" என்றேன்.

அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. உன் பக்கம் திரும்பி, "கெளம்பு சாமி, ஊட்டுக்குப் போலாம். அம்மா உன்னைக் கேட்டுக் கேட்டுப் படுத்த படுக்கையா கெடக்கறா" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் குழந்தையின் உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நீ எடுத்த வகிடு, நூல் பிடித்த மாதிரி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் சந்தேகத்தோடு உன்னைத் தலைமுழுகிவிட்டுப் போயிருப்பார். நீ இங்கேயே இருந்திருப்பாய், அவளும் உன்னிடமே இருந்திருப்பாள். இது அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.

கிளம்புமுன் அவளை உட்கார வைத்து, சீவின தலையையே மறுபடி சீவினாய். சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டாய். என் கையைப் பிடித்து, "எனக்காவப் பொய் சொன்னீங்களேக்கா. இந்தக் கடனை எப்படித் தீக்கப் போறேன்" என்று அழுதாய். அதைக் கேட்டு எல்லாரும் அழுதார்கள். என்னைத் தெய்வம் மாதிரி பார்த்தார்கள். மிஸ்ஸியம்மா கூட, "பொய் பொய்தான், மகளே. ஆனாலும் உன் அன்பை ஆண்டவர் பார்த்தார்" என்றார். ஆண்டவர் பார்த்திருப்பார். அதுதான் என் பயமே. உனக்காக நான் சொல்லவில்லை. ஆசையில் சொன்னேன். பொறாமையில் சொன்னேன். அவள் எனக்கு வேண்டும், நீ தொலைய வேண்டும் என்று சொன்னேன்.

நீ போன பிறகு செம்மேட்டுச் சந்தையில் புதுச் சீப்பு வாங்கினேன். அவள் அதை முற்றத்தில் வீசினாள். ஒரு மாதம் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. கடைசியில் மொட்டை போட வேண்டி வந்தது.

உன்னை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். வேறு பிள்ளை உனக்குப் பிறக்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கு மலையேறும் கூட்டத்தோடு வருஷா வருஷம் நீயும் ஏறினாய். அருவியில் முழுகிவிட்டு வருகிறேன் என்று வீட்டாரிடம் சொல்லி நழுவி, இங்கே அரை நாள் இருப்பாய். பெற்ற பிள்ளையிடம் விருந்தாளியாக வருவாய். வருஷமெல்லாம் சோறு போட்டவள் இங்கே மரம் மாதிரி நிற்க, அவள் உன் மடியில் ஓடிப்போய் உட்கார்ந்து தலையைக் கொடுப்பாள். எனக்குப் பற்றி எரியும். வேண்டுமென்றே உன் கஞ்சியில் உப்பைக் கூட்டிப் போட்டிருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல்லாமல் குடிப்பாய்.

அவளுக்கு ஒன்பது வயதான வருஷம் நான் செய்தது கஞ்சியில் உப்புப் போட்டது போல இல்லை. ஆடிப் பதினெட்டு அன்று விடிந்ததும், அன்னாசிப் பழம் வாங்கி வரச் சொல்லி அவளை ஆடு அம்மாவோடு சோளக்காட்டுச் சந்தைக்கு அனுப்பிவிட்டேன். மெதுவாக வந்தால் போதும் என்றும் சொன்னேன். நீ வந்தாய். சீப்பை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாய். வெயில் பலாமரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியதும் எழுந்து, "அடுத்த வருசம் பாத்துக்கறேனுங்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். அவள் வந்து விஷயம் தெரிந்து என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அடுத்த வருஷம் நீ பதினேழாம் தேதியே வந்து நின்றாயே, கெட்டிக்காரி!

இப்போது வார்டில் சாகக் கிடந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். அவளைப் பெற்றது நான் இல்லை, நீ என்பதையும் சேர்த்து. சீப்பைத் தரையில் வைத்த கையோடு அவள் அதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள். சீப்பு அம்மாவைக் காப்பாற்றத்தான் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பிய கதைதானே. எனக்கு வாய் வரவில்லை. "உன்னை வெச்சுக்கணும்னு சொன்னேன் கண்ணு. அவ போய்த் தொலையட்டும்னு சொன்னேன்" என்றேன்.

இரண்டு நாள் அவள் என் பக்கம் வரவில்லை. பலாமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். நான் வைத்த சோற்றை இருமல் அம்மாவிடம் வாங்கிச் சாப்பிட்டாள். போயிற்று, பதினாலு வருஷமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். என்னிடமிருந்து நீ திருப்பி எடுத்துக்கொண்டாய், நியாயம்தான் என்றும் நினைத்தேன். நியாயம் என்று நினைத்தால் பொறாமை அடங்கிவிடுமா?

மூன்றாம் நாள் காலையில் என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சீப்பைத் தோளுக்கு மேலே நீட்டினாள். "சீவி விடு" என்றாள். முதல் முறையாக. சீவும்போதுதான் நீ சொன்ன இன்னொன்றையும் சொன்னாள். "சாகற வரைக்கும் அவங்களுக்கு உம் மேல பொறாமையாம்மா. 'ஊரு முன்னால எம்புள்ளைன்னு அக்கா சொல்லிப்போட்டா. பெத்தவ எனக்கு வாய் வரலையே, அவளுக்கு வந்துதே'ன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க."

அடிப்பாவி. அத்தனை வருஷம் என் உப்புக் கஞ்சியை அந்தப் பொறாமையோடா குடித்தாய்?

வகிடு கோணலாகத்தான் வந்தது. கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்று எழுந்து போனாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறாள். சீப்பை என்னிடமே விட்டுவிட்டுப் போகிறாளாம். திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு பெண் வந்திருக்கிறாள், பத்தொன்பது வயது இருக்கும். கையில் பால்குடி. மத்தியானம் பாறையிலிருந்து குரல் வந்தது: "ஆளு வாருதுங்கோ!" இத்தனை வருஷப் பழக்கம், என் கை தானாக நீண்டு அவள் குழந்தையை வாங்கிவிட்டது. இடுப்பில் வைத்தும்விட்டேன். அந்தப் பெண் வெறுங்கையோடு நின்றாள். அந்தப் பார்வையை நான் முன்னமே ஒரு தடவை உன் முகத்தில் பார்த்திருக்கிறேன். குழந்தையைத் திருப்பிக் கொடுத்தேன். "நீயே வெச்சுக்க. யாரு கேட்டாலும் எம்புள்ளைன்னு நீயே சொல்லு. துப்பறவன் எம்மேல மொதல்ல துப்பட்டும், நான் முன்னால நின்னுக்கறேன்" என்றேன். மிஸ்ஸியம்மா இப்போது கிழவியாகிவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை.

வந்தவன் அவள் மாமன். கேட்டான். அவள் சொன்னாள், வாசல் வரைக்கும் கேட்கும்படி: "எம்புள்ளைங்க."

எனக்குப் பொறாமையாக இருந்தது. நீ பக்கத்தில் நின்றிருந்தால் உனக்கும் இருந்திருக்கும்.