உங்கள் லேப்டாப்பில் எனக்கொரு இடம்

லேப்டாப்பின் மூடியைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை வந்தது. வேலை முடிந்து வந்து, கையில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவுவீர்களே, அந்தச் சோப்புத் தூளின் வாசனை. பதினொரு மாதம் மூடிக் கிடந்த பெட்டியில் அது எப்படித் தங்கியதோ தெரியவில்லை. விசைகளுக்கு நடுவில் தூள்கூட இருந்தது. துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது சின்ன விஷயம். உங்கள் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். என் கடிதங்களும் நான் இணையத்தில் பார்க்கும் சர்ச் பூசையும் என் பக்கத்தில் இருக்கும். உங்கள் பக்கத்தை நான் தொட வேண்டியதில்லை. புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்றாள் தங்கை மகள். நல்ல பொருள் வீட்டில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றேன். லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு, செய்முறையையும் அச்செடுத்து அனுப்பினாள். நான்கு பக்கம். அடிக்கோடிட்டுப் படித்தேன். ஊறுகாய் பாட்டில் வாங்கினால்கூட லேபிளை முழுக்கப் படிப்பவள் என்று என்னைக் கேலி செய்வீர்கள். கான்வென்டில் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள்.

பென் டிரைவைச் செருகி, சொன்ன விசையை அழுத்தித் தொடங்கினேன். ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’ என்ற வரி வர வேண்டும். வரவில்லை. ‘டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு’ என்பது மட்டும் வந்தது. அணைத்துவிட்டு மறுபடி செய்தேன். மூன்று முறையும் அதேதான். அழித்தால் உங்கள் கையேடு போய்விடும்.

ஒரகடத்தில் நீங்கள் வேலை பார்த்த, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், மெஷினில் நின்ற செல்வியின் விரல்கள் போன பிறகு எழுத ஆரம்பித்த கையேடு அது. பாதுகாப்புக் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில் தொங்குகிறது, மெஷினில் நிற்கிற பெண்களுக்குத் தமிழில் வேண்டாமா என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இரண்டு பக்கம் என் முன்னால் வைப்பீர்கள். நான் சிவப்புப் பேனாவை எடுப்பேன். “எங்க குவாலிட்டிகாரனே தேவலை. மேடம்கிட்ட ஒரு பீஸ்கூட பாஸாகாது” என்பீர்கள். பத்துப் பாடம் அச்செடுத்துக் கொடுத்தீர்கள். பதினொன்றாவது லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

அதைக் கேட்டுத்தான் செவ்வாய்க்கிழமை செல்வி ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைக்கு, நம் வீட்டுக்கு வந்தாள். அன்று அவளுக்கு வார விடுப்பு. இப்போது அவள் லைன் சூப்பர்வைசர்.

“ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸ் எடுத்து எழுத்தே தெரியலம்மா. புதுசா ஒரு பேட்ச் பொண்ணுங்க வந்துகீதுங்க. கடைசிப் பாடம் சார் எழுதினாரா, இல்லியா?”

லேப்டாப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

“இன்னாம்மா இது, எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேட்டுகினு கீது?”

“அதான் மூணு தடவையா கேக்குது.”

“சார் கடைசியா இத எப்டி ஆஃப் பண்ணாரு?”

“மூடி வெச்சுட்டுப் போனார்.”

“மூடி மட்டுமா?”

“எப்பவும் அப்படித்தான்.”

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “எங்கள இன்னா திட்டு திட்டுவாரு. மெஷின் நிக்கிறது வேற, கரண்ட் கட்டாகுறது வேறடின்னு. தன் மெஷின மட்டும் நிறுத்தாம வுட்டுட்டுப் பூட்டாரு பாரு.”

செய்முறையின் மூன்றாம் பக்கத்தை எடுத்தேன். பழைய விண்டோஸ் முழுவதும் அணையாமல் தூங்கிக்கொண்டிருந்தால், அந்த டிஸ்கில் புதியதற்கு இடம் பிரிக்க முடியாது. முதலில் பழையதைத் திறந்து முறையாக அணைக்க வேண்டும். அந்த வரிக்கு நானே அடிக்கோடு போட்டிருந்தேன். போட்டுவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். உங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் இல்லை.

பென் டிரைவைக் கழற்றிவிட்டு இயக்கினேன். நீங்கள் விட்ட இடத்திலேயே திரை விழித்தது. அன்று காலை “நெஞ்ச அழுத்துதும்மா” என்று மூடி வைத்துவிட்டு எழுந்தீர்கள். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து நான் மட்டும் திரும்பினேன். பதினொன்றாம் பாடம் அரைப் பக்கம் ஆகியிருந்தது. கடைசி வரி இது: ‘அச்சுக்குள் தகடு சிக்கிக்கொண்டால் கையை உள்ளே விடாதீர்கள். முதலில்’. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மூடப் போனேன். செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பாதில மூட வாணாம்மா. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஆஸ்பத்திரில என் கட்டில்கிட்ட உக்காந்துகினு சார் சொன்னதுதான்.”

வலது கையை நீட்டி, மிச்சமிருக்கும் விரல்களில் எண்ணினாள். “மொதல்ல மெயின ஆஃப் பண்ணு. பூட்டு போடு. சாவிய உன் பாக்கெட்ல வை, எவன் கேட்டாலும் குடுக்காத. டார்கெட் போச்சுன்னு சூப்பர்வைசர் கத்தினா கத்தட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, “இப்ப அந்த சூப்பர்வைசரே நான்தான். பரவால்ல, எழுதுங்க” என்றாள்.

‘கத்தட்டும்’ என்ற சொல் ஒரு கையேட்டில் வரலாமா என்று யோசித்தேன். அப்படியே எழுதினேன். சிவப்புப் பேனா வேலை ஒன்றும் செய்யவில்லை. சேமித்தேன். செய்முறையில் உள்ளபடி ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தேன். விசிறி மெல்ல நின்றது. அதன் பிறகு பென் டிரைவைச் செருகியதும் ‘பக்கத்தில் நிறுவு’ என்ற வரி ஒழுங்காக வந்தது. இப்போது இயக்கினால் இரண்டு பெயர் தெரிகிறது. மேலே என்னுடையது, கீழே உங்களுடையது.

புறப்படும்போது செல்வி, “வியாழக்கிழமை ஷிப்ட் ஏறதுக்கு முன்னாடி பத்து நிமிசம் மேனேஜர்கிட்ட கேட்டு வாங்கியிருக்கேன். நான் படிச்சா அதுங்க சிரிக்கும். நீங்க வந்து படிக்கிறீங்களா?” என்றாள்.

நீங்களும் இதைக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு முறை. அந்த இரைச்சலுக்குள் நின்று வாசிக்கிறவள் நான் இல்லை என்றேன். சரி என்று எழுந்து போனீர்கள். நான் சொன்ன விதம் சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் திருத்தவில்லை.

நேற்று போனேன். ஒரகடத்துக்கு அடுத்த வல்லம் வடகால் நிறுத்தத்தில் இறங்கியதும் செல்வி வந்து ஷாப்புக்குக் கூட்டிப்போனாள். பிரஸ் விழும் ஒவ்வொரு அடியும் உள்ளங்காலில் ஏறியது. முதல் வரி எனக்கே கேட்கவில்லை. “கேக்கலம்மா” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. மறுபடி முதலிலிருந்து, என் வாழ்நாளில் பேசாத சத்தத்தில் வாசித்தேன். ‘கத்தட்டும்’ வந்தபோது எல்லோரும் செல்வியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்த வியாழனும் வரச் சொன்னார்கள். வருகிறேன் என்றேன். தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது.