புட்டியில் வருவது

காஜா பெராங், மலாக்கா
12.3.1959

அன்பு மகள் காமாட்சிக்கு,

எனக்கு ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாளாகிறது. கஞ்சி இறங்குகிறது. நீ பயப்படாதே.

வயிற்றுப் புற்றுநோயின் உயிரணுக்களில் குரோமோசோம்கள் நிலையில்லாமல் மாறுகின்றன, சில குடும்பங்களில் இந்நோய் தொடர்ந்து வருகிறது, அதனால் உறவினரையும் சோதிக்க வேண்டும் என்று சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதினாயே, அதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். உன் தாத்தாவும் இதே நோயில் போனதைச் சொன்னேன்.

"யாருய்யா எழுதினது?" என்றார்.

"என் மவ சார். லோரி ஓட்டுறவன் மவ!" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

உடனே என் கூடப்பிறந்த உன் அத்தைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலியே இல்லாதவள் வயிற்றில் சின்னக் கட்டி. போன வாரம் முழுதாக எடுத்துவிட்டார்கள்.

"அவங்க பொழைச்சிக்குவாங்க. ஒங்க மவளாலதான்," என்றார் டாக்டர்.

என்னைப் பற்றி அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு எடுத்த கட்டியை உன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன். புட்டியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனாலும் அது என்னுடையது என்று நீ கண்டுபிடித்துவிடுவாய். அப்பா என்று நினைக்காமல் குரோமோசோம்களை ஒழுங்காக எண்ணு. இன்னொரு வீட்டு அத்தை பிழைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்