தரையோடு வெட்டிய மருதாணி

அன்பு அக்கா செந்தாமரைக்கு,

அம்மா சொல்ல, உமையாள் எழுதுவது. இங்கே இருவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நைட் டூட்டி முடிந்து பகலில் தூங்க முடிகிறதா என்று அம்மா கேட்கிறாள். அவள் உள்ளங்கையில் கருவேல முள் ஏறி வீங்கிவிட்டதால், பலகார டப்பாவோடு வரும் கடிதத்தை இந்த முறை நான் எழுதுகிறேன். உன் மருதாணியைச் சோணை பார்க்காமல் வெட்டிவிட்டான் என்று எழுது என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போயிருக்கிறாள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நான் கவனித்தது மண்ணின் ஈரத்தை. கொல்லை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்க, நீ வைத்துவிட்டுப் போன மருதாணியின் அடி மட்டும் ஈரமாக இருந்தது. நான் எழுந்திருக்கும் முன்பே அம்மா தினமும் ஒரு குடம் ஊற்றியிருக்கிறாள். தை மாதம் உன் கல்யாணத்துக்குச் சமையல் பந்தல் போட வேண்டும் என்று கொல்லையில் மண்டிய கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் கூலிக்கு வந்த சோணை மாமாவும் நானும் மூன்று நாளாக எடுத்தோம். கருவேலத்தை மேலோடு வெட்டினால் மழைக்கு மறுபடி துளிர்க்கும், தூரோடு தோண்ட வேண்டும். ஒரு தூரை நான் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தபோது மாமா, என்ன ஆத்தா மல்லுக்கட்டுற, அதுக்கு உன்னையவிட வயசு கூட என்று சிரித்தார். என் கையெல்லாம் கொப்புளம். அப்பா இறந்த வருஷம் நீ கல்லூரியில் இருந்தாய், வீட்டுக்கு ஒருத்தி வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள், அன்றிலிருந்து இந்தக் கை இப்படித்தான். நீ படம் அனுப்பும்போதெல்லாம் உன் விரல்களைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் மாமா டீ குடிக்கப் போயிருந்தார். அம்மா தண்ணீரோடு வந்தாள். எனக்குத்தான் என்று நினைத்துக் கடப்பாரையைக் கீழே வைத்தேன். அவள் மருதாணிக்கு ஊற்றிவிட்டு, இது வேருல பட்டுறாமப் பாத்துக்க, அக்கா வந்து கேப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அரிவாளை எடுத்துத் தரையோடு வெட்டினேன். கிளைகளைக் கசக்கிச் சுருட்டி முள்குவியலுக்கு அடியில் தள்ளினேன். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது அக்கா.

சாயங்காலம் அம்மா பார்த்துவிட்டு, கண்ணு அவிஞ்சா போச்சு, எம்மக கல்யாணச் செடிடா என்று மாமாவைப் பார்த்துக் கத்தினாள். குவியலைக் கிளறும்போதுதான் அவளுக்கு முள் ஏறியது. மாமா என் உள்ளங்கையைப் பார்த்தார். இலைச்சாறு பட்டுச் சிவந்திருந்தது. பார்த்துவிட்டு, தெரியாம வெட்டிப்புட்டேன் தாயி என்று அவரே சொன்னார். இனி இந்தப் படி ஏறாதே என்று அம்மா அனுப்பிவிட்டாள். வாசல் வரை ஓடிப்போய், ஏன் மாமா நீங்க ஏத்துக்கிட்டீக என்று கேட்டேன். நீ இந்த வீட்டுலதானே இருக்கணும், எனக்கு வேலைக்கு நாலு வீடு இருக்கு என்றார்.

மருதாணித் தூரை நான் தோண்டவில்லை. துளிர்க்கும், ஆனால் உன் கல்யாணத்துக்குள் வராது. செக்காலை ரோட்டுக் கடையில் மருதாணிக் கோன் வாங்கி நானே உனக்கு வைத்துவிடுகிறேன், நீ கையை நீட்டினால்.

டப்பா மூடிக்குள் அம்மா திருநீறு மடித்து வைத்திருக்கிறாள், சாமியை நினைத்துப் பூசிக்கொள். நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று சொல்லச் சொன்னாள். முறுக்கை முதலில் தின்றுவிடு, நமுத்துவிடும்.

அம்மாவுக்காக,
உமையாள்

மடிக்கும் முன் இதை அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு சோணை மாமா வீட்டுக்குப் போய், வெட்டியது நான்தான் என்று அவர் சம்சாரம் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன்.