வெள்ளைச் சுவர்

கொட்டாஞ்சேனை,
12.02.2000

அன்புள்ள தம்பி ஹியூபேட்டுக்கு,

'யாவரும் நலம்' என்று தொடங்குவது வழக்கம். இந்த முறை பொய் எழுத மனமில்லை. வீட்டு வாசலில் ஆமி காவலுக்குச் சென்றி போட்ட நாள் முதல், சோதனைக்கு நிற்கும் பஸ்ஸும் லொறியும் எஞ்சினை நிறுத்தாமல் எங்கள் ஜன்னலடியில் புகை கக்குகின்றன. ஜன்னலை மூடவும் ஆமிக்காரன் விடமாட்டான். மூடினால் உள்ளே யார் ஒளிந்திருக்கிறார்களோ என்று சந்தேகமாம்.

ஜன்னலில் மெல்லிய ஈரத்துணி கட்டிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் அது கரித்துணி. சோற்றில் கரி, செபமாலையில் கரி, அப்பா துப்பும் சளியிலும் கரி. சீ!

டாக்டர் சொன்னார்: "துணியில நிக்கிறது பெரிய தூள், பிள்ளை. கண்ணுக்குத் தெரியாத தூள் துணியையும் தாண்டும், சுவாசப்பையையும் தாண்டும். ரத்தத்தில சேர்ந்து இதயத்தைத்தான் பிடிக்கும்." அப்பாவுக்கு ஒருமுறை பிடித்துவிட்டது. வீடு மாற்றச் சொல்கிறார் டாக்டர்.

வெள்ளவத்தையில் உன் அடுக்குமாடி பிளட் கடற்காற்றோடு பூட்டிக் கிடக்கிறது. வீடு மாறினால் செய்யவேண்டிய பொலிஸ் பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன். பூட்டின் திறப்பைத் தரச்சொல்லி, அதை வைத்திருக்கும் றோஸி மாமிக்கு ஒரு வரி எழுது.

அக்கா பேர்ணடெற்

லண்டன்,
03.03.2000

அன்பின் அக்கா,

கடிதம் கண்டு கவலைப்பட்டேன். அப்பா அந்தக் காலத்தில் ஊதித் தள்ளிய சுருட்டு சும்மா விடுமா? பிளட்டுக்கு இப்போதுதான் வெள்ளை பெயின்ட் அடித்தது. ஓகஸ்டில் மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் தங்குவார்கள். அப்பா கண்ட இடத்தில் துப்புவார், உங்களுக்குத் தெரியும்தானே. கலியாணம் முடியட்டும், பார்ப்போம். மாஸ்க் இரண்டு அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி,
ஹியூபேட்

கொட்டாஞ்சேனை,
20.03.2000

தம்பி,

அப்பா சுருட்டை விட்டது நீ பிளேன் ஏறிய வருடம். உனக்கு எப்படித் தெரியும்? அவர் துப்புவது மூடி போட்ட கோப்பையில். கழுவுகிறவள் நான். எனக்கு வராத அருவருப்பு உனக்கு வந்திருக்கிறது.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்தேன், பெயின்ட் கதையை விட்டுவிட்டு. "பாவம், அவனுக்கு எவ்வளவு வேலை" என்றார். கையெடுத்துக் கேட்கிறேன், ஓகஸ்ட் வரை அவர் தாங்கமாட்டார்.

அக்கா

கொட்டாஞ்சேனை,
18.04.2000

ஹியூபேட்,

உன் பதில் வரவில்லை. மாஸ்க் வந்தது.

போன திங்கட்கிழமை காலை அப்பா ஜன்னலடிக் கதிரையிலேயே போய்விட்டார். இதயம்தான்.

அடக்கம் முடிந்து றோஸி மாமி திறப்பைக் கொண்டுவந்து தந்தா. கலியாணத்துக்கு முன்னம் பிளட்டைத் தூசு தட்டி வைக்கச்சொல்லி அவவுக்கு எழுதியிருந்தாயாம்; தனக்குப் படியேற ஏலாதாம், என்னைச் செய்யட்டாம். அவவுக்கு எழுத உனக்கு நேரம் இருந்திருக்கிறது.

நேற்றுப் போனேன். தூசு தட்டினேன். உன் சுவர் நல்ல வெள்ளை. அப்பாவின் கடைசி நாள் ஜன்னலில் கட்டிய துணியை ஹோலின் நடுச்சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். கழுவவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்னவென்று கேட்டால் நீயே சொல்.

பேர்ணடெற்