இடுப்பில் ஒரு கறுப்புப் புண்

அக்கா,

இன்று காலை அவிநாசி பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தாள். புதிதாக ஆட்டிய எண்ணெய். அந்த வாசனைக்கு என்னால் உட்கார முடியவில்லை. திருமுருகன்பூண்டியிலேயே இறங்கி, சிலைப் பட்டறைச் சுவரோரம் வெகுநேரம் நின்றேன். தேங்காய் எண்ணெய்க்கு அழுகிறேன் என்று யாரிடம் சொல்ல? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ நல்லூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்தாய். நான் கோவையில் ஹாஸ்டலில் தங்கிக் கிருமி ஆராய்ச்சி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், என்ன படிக்கிறேன் என்று விடாமல் கேட்பாய். சில கிருமிகள் நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழும் என்றேன். அதற்கென்றே அவற்றுக்குத் தனி மரபணுக்கள் உண்டு. அவை ஊசி போன்ற ஒன்றை உருவாக்கும். அதன் வழியாகக் கிருமி தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும். உடனே செல் தானாகவே தன் தோலை நீட்டி அதை விழுங்கிவிடும். ஒரே ஒரு மரபணுவை நீக்கினாலும் கிருமி வெளியிலேயே நின்றுவிடும். அதுதான் என் வேலை.

நீ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாய்: "அப்ப பூட்ட ஒடைக்கறதில்ல. வாட்ச்மேன் கையாலயே கேட்டைத் தொறக்க வெக்குது. அப்படித்தானே கண்ணு?"

அதை நான் ஒரு கருத்தரங்கில் சொன்னேன். கைதட்டினார்கள். அது உன் வார்த்தை என்று சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில் குன்னத்தூரில் நம் தோட்டத்துக்குப் போய் வேலியோரப் புதரை வெட்டிவிட்டு வந்தாய். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். மூன்றாம் நாள் போன் செய்தாய்.

"தலைவலி தாங்கல கண்ணு. இடுப்புல வேற ஒரு புண்ணு, கறுப்பாப் பொருக்குக் கட்டியிருக்குது. வலியே இல்ல. பாவாடை நாடா அழுத்துனதோ என்னமோ."

நான் அப்போது ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். செல்லுக்குள் நுழையும் கிருமிகளைப் பற்றிய கட்டுரை. "தேங்காண்ணெய் வெய்யி, சரியாப் போயிரும்" என்றேன். போனை நான்தான் முதலில் வைத்தேன்.

பக்கத்துக் கிளினிக்கில் டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். இடுப்பைக் காட்ட உனக்குக் கூச்சம். ஒன்றுமில்லை என்று நான் வேறு சொல்லியிருந்தேன். எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் உடை மாற்றிய நர்ஸ்தான் அந்தப் புண்ணைப் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டார்.

"உண்ணிக் காய்ச்சலுங்க. புதர்ல இருக்கற சின்ன உண்ணி கடிச்சு வர்றது. இந்தப் புண்ணை யாருமே பாக்கலீங்களா?"

"பாக்கலீங்க" என்றேன். போனில் நீ சொல்லிக் கேட்டிருந்தேன் என்று சொல்லவில்லை.

உன்னைத் தொற்றியது நான் வளர்த்த கிருமி இல்லை. அதன் மரபணுக்களும் வேறு. ஆனால் அதுவும் அப்படித்தான் புகும். இரத்தக் குழாயின் செல்லில் ஒட்டிக்கொண்டு, தன்னை விழுங்கவைத்து, விழுங்கிய பையைக் கிழித்து வெளியேறி, உட்கருவுக்குப் பக்கத்தில் பெருகும். செல் ஆபத்தென்று கூவாதபடி அதன் புரதங்கள் அமுக்கிவிடும். குழாய்கள் கசியும், நுரையீரலில் நீர் கோக்கும். உனக்குப் போட்ட ஊசி அதை ஒன்றும் செய்யாது. சாதாரண மாத்திரை ஒன்றை முதலிலேயே கொடுத்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பாய். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

அந்த மாத்திரை தொடங்கிய மறுநாள் நீ போய்விட்டாய். மாஸ்க்கை விலக்கிக் கடைசியாகக் கேட்டது, "கட்டுரை முடிச்சிட்டியா கண்ணு?"

இப்போது அம்மாவோடு இருக்கிறேன். இங்கிருந்தே வேலைக்குப் போய்வருகிறேன். நம் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றாலும் போய்விடுவேன். கதவைச் சாத்திவிட்டு அக்குள், இடுப்பு எல்லாம் பார்ப்பேன். போன மாதம் பக்கத்து வீட்டு மேரிக்கு மார்புக்குக் கீழே அதே கறுப்புப் பொருக்கு. பிழைப்புக்காகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "நீங்க மட்டும் பாக்கலன்னா நான் இருந்திருக்க மாட்டேன்க்கா."

நான் சிரித்தேன். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம், அக்கா. உயிரோடு வந்து நின்றாளே என்று. இதை அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாது. இனி யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் போவேன், பார்ப்பேன். அந்தக் கோபமும் கூடவே வரும்.